வாரண்டி முடிந்த காரின் வழக்கமான பராமரிப்பை வீட்டிலேயே செய்யலாமா?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவரிடம் இருப்பது 2021இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட்; 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது; வாரண்டி முடிந்துவிட்டது; ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் பில் ஏறிக்கொண்டே போகிறது. அவருடைய அப்பா தம் அம்பாசடரில் ஆயில் மாற்றுவது முதல் பிளக்கில் தீப்பொறி வரச் செய்யும் பிளாட்டினம் பாயிண்ட்டைச் சரிசெய்வது வரை எல்லாவற்றையும் வாசலிலேயே செய்தவர். நண்பர்களோ, இன்றைய வண்டி முழுக்கக் கம்ப்யூட்டர், கை வைத்தால் வினையை விலைக்கு வாங்குவதாகிவிடும் என்கிறார்கள். இதில் எது சரி என்பது அவர் கேட்டது. ஆனால் அவர் உண்மையில் அறிய விரும்புவது, எந்த வேலையைத் தாமே செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும், அந்தக் கோட்டை எதை வைத்துப் போடுவது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துக் கோவையில் பட்டறை மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் சிறிய பெட்ரோல், டீசல் கார்களில்தான். முழு மின்சாரக் கார்களில் நான் வேலை செய்ததில்லை, ஆகவே அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்6 விதி நடைமுறைக்கு வந்த பிறகு இன்ஜினைச் சுற்றியுள்ள சென்சார்களும் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் கூடிவிட்டன. ஆனால் ஆயில் இன்னும் இன்ஜினின் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பில்தான் இருக்கிறது, அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றினால்தான் இறங்குகிறது. சொல்லப்போனால், உங்கள் அப்பா செய்த வேலைகளில் பல இன்று தேவையே இல்லை: பாயிண்ட் இல்லை, கார்புரேட்டர் இல்லை, கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் இல்லை, பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கு ஆயிலும் இல்லை, டைமிங் செயின் என்பதால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் வேலையும் இல்லை. மிச்சமிருக்கும் வழக்கமான வேலைகள் குறைவு. ஆனால் அவற்றில் தவறுக்கு இடம் முன்பைவிடக் குறுகலாகிவிட்டது.

ஆகவே வேலை கடினமானதா எளிதா என்று பார்த்துக் கோடு போடுவது பயன்படாது என்பது என் கருத்து. நான் கேட்கும் கேள்வி வேறு: இந்த வேலையில் நான் தவறு செய்திருந்தால், அது வண்டி வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடுமா, அல்லது நான்கு வழிச் சாலையில் எண்பதில் போகும்போதுதான் தெரியுமா? ஏர் ஃபில்டரைச் சரியாகப் பொருத்தாவிட்டால் மூடியின் கிளிப் மாட்டாது, வாசலிலேயே தெரிந்துவிடும். ஆயில் ஃபில்டரில் கசிவு இருந்தால் அன்றிரவே தரையில் தெரியும். பிரேக் குழாயில் காற்று நுழைந்திருந்தால் அது மிதித்துப் பார்க்கும்போது ஓரளவுதான் புலப்படும், மீதி அவசரமாக மிதிக்கும்போதுதான் தெரியவரும். பிரேக் பேடு மாற்றுவது கைவேலை என்ற அளவில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதைவிடக் கடினமானதல்ல என்றாலும், அதைப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் முதல்முறை செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தொடங்குவதற்கு முன் வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆண்டில் இந்த வண்டிக்கு நிறுவனம் கொடுத்தது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், எது முன்னதோ அது. முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் வாங்கும்போது நீட்டிப்பு வாரண்டி சேர்த்திருந்தீர்களா என்று பழைய இன்வாய்ஸை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் பலர், நீங்களே ஆயில் மாற்றினாலும் நிறுவனம் வாரண்டியை மறுக்க முடியாது என்று அடித்துச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் 1975இல் வந்த வாரண்டிச் சட்டத்தை வைத்துச் சொல்வது. இங்கே அப்படியே பொருந்தாது. நம் நாட்டில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக வந்த உத்தரவு அது. வெளியில் வேலை செய்தால் வாரண்டி ஒட்டுமொத்தமாக ரத்து என்ற நிபந்தனை கூடாது என்றும் அதில் இருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரண்டி உள்ள வண்டிக்கு அந்த உத்தரவை மட்டும் நம்பி ஸ்பேனர் எடுக்க வேண்டாம். அந்தக் காலம் முழுவதும் சர்வீஸ் புத்தகத்தில் நிறுவனப் பட்டறையின் முத்திரை விழட்டும் என்பதே நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வது. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இனி வேலைகள். ஸ்பேனர் இல்லாமலே செய்யக்கூடியவைதான் உண்மையில் வண்டியின் ஆயுளைக் கூட்டுகின்றன, அவற்றைத்தான் எவரும் செய்வதில்லை. டயர் காற்று முதலாவது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அது உங்களுக்கான அளவல்ல. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, சொந்த கேஜ் ஒன்றால் பாருங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. நைட்ரஜன் நிரப்பலாமா என்று அடுத்த கேள்வி வரும். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அன்றாட ஓட்டத்தில் காசு கொடுக்கும் அளவுக்கு வித்தியாசம் உண்டு என்று நான் கண்டதில்லை. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், டயர் முடிந்தது என்று பொருள். ஐப்பசி மழைக்கு முன்பு பார்க்க வேண்டிய முதல் விஷயம் அது.

அடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே பானட்டின் விளிம்பில் உள்ள கறுப்புத் தட்டு. மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் வேப்பிலையும் புங்கம்பூவும் அதன் சல்லடை வழியாக இறங்கி, மழைநீர் வடியும் துளைகளில் மக்கி அடைத்துக்கொள்ளும். நீர் வடிய வழியில்லாமல் ஏசி புளோயர் பக்கம் திரும்பி, காலடி விரிப்பு நனைந்து, ஏசி போட்டால் முடைநாற்றம் வரும். இந்தப் புகாரோடு வந்து, ஏசியில் பழுது என்று நினைத்துப் பெரிய செலவுக்குத் தயாராக நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இலையை அள்ளி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதோடு வேலை முடிந்தது. அப்படியே ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். சில நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் அதற்குள் தேங்காய் நாரும் வேப்பங்கொட்டையும் இருந்தால் எலி குடியேறிவிட்டது. பக்கத்தில் உள்ள வயர்களின் மேலுறையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் காகிதத்தால் ஆனது. தட்டித் தூசு போக்கலாம். கம்ப்ரஸரை நெருக்கமாக வைத்து ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அதன் வழியே மண் நேராக இன்ஜினுக்குள் போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சீராகத் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஏசியின் கேபின் ஃபில்டர் பெரும்பாலான சிறிய கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைத் தவிர அதில் தவற விட எதுவுமில்லை. வைப்பர் ரப்பர், வாஷர் தண்ணீர், பல்புகள் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கூலன்ட் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ரிசர்வ் டப்பாவில் அளவு பார்ப்பது மட்டுமே. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்கு எதுவும் கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர். போர்வெல் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அளவு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது பராமரிப்பாகாது. எங்கோ கசிகிறது, பட்டறைக்கு விடுங்கள்.

ஆயில் மாற்றுவதுதான் நீங்கள் முதன்மையாகக் கேட்டது. வேலையைவிட எந்த ஆயில் என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 2021இன் தொடக்கத்தில் வந்த மாற்றத்தில் ஸ்விஃப்டுக்குக் கிடைத்த டூயல்ஜெட் இன்ஜினுக்கு நிறுவனம் பரிந்துரைப்பது 0டபிள்யூ-16 என்ற மிக மெல்லிய ஆயில். தெருமுனைப் பட்டறையில் இதைச் சொன்னால், அது குளிர்நாட்டுக்காரனுக்கு, நம் வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-40தான் தாங்கும் என்பார்கள். இந்த வாதம் அம்பாசடர் காலத்தில் பொருந்தியது. இப்போது பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஓடும் இன்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. கொடைக்கானலில் ஓடினாலும் மதுரையில் ஓடினாலும் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும், வெளியே அடிக்கும் வெயில் ஆயிலைத் தொடும் அளவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டாவதாக, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு குறுகலான துளைகள் வழியாக ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. கெட்டியான ஆயில் அங்கே தாமதமாகப் போகும். இவை உறுதியானவை. ஒரு படி கெட்டியான 0டபிள்யூ-20 ஊற்றினால் இன்ஜின் கெட்டுவிடுமா என்றால், கெடாது என்றே நினைக்கிறேன், மைலேஜ் சிறிது குறையலாம். ஆனாலும் உங்கள் கையேடு அதை மாற்றாக அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். டப்பாவில் 0டபிள்யூ-16 ஆயில்களுக்கென்றே உள்ள ஜிஎஃப்-6பி என்ற தரக்குறி இருப்பது நல்லது. போலி ஆயிலும் போலி ஃபில்டரும் சந்தையில் தாராளமாகப் புழங்குவதால், பத்து ரூபாய் கூடுதலானாலும் நிறுவனத்தின் உதிரிபாகக் கடையில் பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு.

வண்டிக்கு அடியில் போவதுதான் இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான பகுதி. இன்ஜினுக்கு நேரக்கூடிய கெடுதல் எல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் தலையை நீட்டக் கூடாது. சமமான சிமென்ட் தரை, பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கையேடு காட்டும் இடங்களில் ஜாக் ஸ்டாண்டு இரண்டு. இவை இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. அவை வளைந்து எச்சரிக்காமல் ஒரேயடியாக நொறுங்கும். அடுக்குமாடி வீட்டில் பார்க்கிங் தரை சாய்வாக இருந்தால் இந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஆயிலையும் ஃபில்டரையும் நீங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்கச் சம்மதிக்கும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள், கொதிக்கும் சூட்டில் அல்ல. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். சில நேரம் அது இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்களும் சேர்ந்து வழுக்கி, சிறிது தூரத்திலேயே ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். அந்த முகத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது போதும். புது வளையத்தில் ஒரு சொட்டுப் புது ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் முகத்தைத் தொட்ட பிறகு ஏறத்தாழ முக்கால் சுற்று. எவ்வளவு என்பது பெரும்பாலும் ஃபில்டரின் மீதோ அதன் அட்டையிலோ அச்சிட்டிருக்கும். கீழே உள்ள டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மரை பிசகாமல் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். அதன் பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சிறிய கார்களில் அது பொதுவாக 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும். நீளமான ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு எளிதாகப் போய்விடும். மரை தேய்ந்த ஆயில் சம்ப்புகளில் பெரும்பாலானவை தளர்வால் கெட்டவை அல்ல, இறுக்கத்தால் கெட்டவை.

ஆயிலைக் கையேடு சொல்லும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கில் பார்த்து மீதியைச் சேருங்கள். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அதை நுரையாக அடித்துவிடும். அன்றிரவு இன்ஜினுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாமல், புது ஆயில் டப்பாவிலேயே நிரப்பி, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் இன்ஜின் நீண்ட நாள் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வண்டிக்கு அட்டவணை 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி, இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே அணைக்கப்படும் வண்டிக்குச் சீக்கிரம் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. மற்றபடி பாதி இடைவெளியில் மாற்றுவது மன நிம்மதிக்கான செலவு என்பது என் கணிப்பு. இதில் அனுபவசாலிகளிடையே ஒத்த கருத்து இல்லை.

ஸ்பார்க் பிளக் மாற்றுவதை ஆயில் வேலை பழகிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரையும் கூடவே வரும். பிளக்கின் மேல் உள்ள காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊதிவிட்டுப் பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதியதை ஏற்றும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் பொருந்தும் இடத்தில் பிளக் ஒரு நூலளவு கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பிசகாது. இரிடியம் பிளக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும் இடைவெளியைத் தட்டிச் சரிசெய்வதும் வேண்டாம், முனை உடைந்துவிடும். குறியீட்டு எண்ணைக் கையேட்டில் பார்த்து அதே பிளக்கை வாங்கினால் போதும்.

பேட்டரியில் நீங்கள் செய்யக்கூடியது முனைகளைச் சுத்தம் செய்வது. எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். அப்போதுதான் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. மாட்டிய பிறகு ஜன்னலின் தானியங்கி ஏற்றம் மறந்துபோவதும், சிறிது நேரம் ஐடிலிங் தடுமாறுவதும் சில வண்டிகளில் இயல்பு. சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், புது பேட்டரி வாங்கும்போது அதற்கென்றே செய்யப்பட்ட ஈஎஃப்பி போன்ற வகையை வாங்க வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும்.

நண்பர்கள் பயமுறுத்திய அந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் உங்களுக்கு உதவியாளர். ஸ்டீயரிங்குக்குக் கீழே பழுதறிவதற்கான, 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கிறது. அதில் செருகும் மலிவான புளூடூத் கருவியும் ஒரு செல்போன் செயலியும் போதும், செக் இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்பதற்கான குறியீட்டைப் படித்துவிடலாம். ஆனால் குறியீடு பழுதான உதிரிபாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, சென்சார் என்ன கண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. பி0171 என்று வந்தால் பெட்ரோலுக்கு வேண்டிய அளவைவிடக் காற்று அதிகமாக இருக்கிறது என்று பொருள். காரணம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம், அழுக்கேறிய காற்று சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்ப்பாகவும் இருக்கலாம். பலர் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை வாங்கி மாற்றிவிட்டு ஏமாறுகிறார்கள். குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிடவும் கூடாது. பழுது வந்த தருணத்தில் பதிவான விவரங்களும் அதோடு போய்விடும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். சிமிட்டிக்கொண்டிருந்தால் இன்ஜின் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

பட்டறைக்கே விட வேண்டியவற்றில் முதலாவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்குத் தரவிதி வைத்திருக்கும் அளவு 140 மட்டுமே. கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு இறங்கும்போது பிரேக் மிதி பஞ்சுபோல உள்ளே போவதற்கு இது ஒரு காரணம். ஆகவே குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும், ஆனால் ஏபிஎஸ் அமைப்புக்குள் காற்று புகுந்தால் அதை வெளியேற்றப் பல வண்டிகளில் ஸ்கேனர் தேவைப்படும். பேடின் தடிமனை மட்டும் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற நேரம் வந்துவிட்டது. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களையும், ஏசி கேஸ் இருக்கும் குழாய்களையும் தொடவே வேண்டாம்.

பணத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், இவற்றை நீங்களே செய்வதால் மிச்சமாவது கூலிதான், அது பில்லில் பெரிய பங்கு அல்ல. பில் ஏறுவது பெரும்பாலும் இன்ஜின் ஃபிளஷ், திராட்டில் பாடி சுத்தம், ஏசி கிருமிநீக்கம், உள்பக்கப் பாலிஷ் என்று எஸ்டிமேட்டில் சேரும் வரிகளால். கையேட்டின் பின்பகுதியில் எந்தக் கிலோமீட்டரில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். நல்ல சர்வீஸ் அட்வைசர் காரணம் சொல்வார், அல்லது வரியை அடித்துவிடுவார். ஸ்பேனர் பிடிக்காமலே பில்லில் கணிசமாகக் குறைவது இங்கேதான். நீங்களே செய்யும் வேலைகளுக்குத் தேதி, கிலோமீட்டர், வாங்கிய பொருளின் பில் ஆகியவற்றை ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

உங்கள் வண்டி சாதாரண கியரா, கிளட்ச் மிதி இல்லாத ஏஜிஎஸ் வகையா என்று குறிப்பிடவில்லை. ஏஜிஎஸ் என்றால் கிளட்சையும் கியரையும் இயக்கும் பகுதிக்குத் தனியாக ஓர் ஆயில் உண்டு. அதன் டப்பா பார்வைக்குப் பிரேக் ஆயில் டப்பாவைப் போலவே இருக்கலாம், ஆனால் ஒன்றில் ஊற்றுவதை மற்றொன்றில் ஊற்றக் கூடாது. மூடியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அளவை மட்டும் பார்த்து மூடிவிடுங்கள்.